மஞ்சள் விளிம்பு

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, கணினித் திரையில் மூக்கு உரச உட்கார்ந்தபோது, பிரிஸ்கில்லாவின் கோயில் அங்கே இல்லை.

ஏதோ மினுங்கியது. இருட்டும் வெளிச்சமும் ஒன்றுக்குள் ஒன்று குழைந்து ஓடின. பொத்தானை அழுத்தி முன்னால் நடந்து பார்த்தாள். எதன்மேலோ முட்டி நின்றாள். திரும்பி நடந்தாள். மறுபடி முட்டினாள்.

“ஏலே சூசை!”

அடுக்களையிலிருந்து இட்லித் தட்டோடு ஓடி வந்தான் தம்பி. திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறான். முகமெல்லாம் சிரிப்பு.

“எப்படிக்கா இருக்கு? நீ பூசைக்குப் போனதும் உக்காந்து, வெளிச்சம் நிழலெல்லாம் நிசமாக் காட்டுற ஷேடர் மோட் போட்டு விட்டேன். தண்ணி அலையடிக்குது பாரு. சன்னல்ல வெயில் விழுது பாரு. வாசப்படியில கருப்பு கிரானைட்டு, முகம் பாத்துக்கலாம்!”

“பாரு பாருங்கிறியே, எதைலே பாக்கட்டும்? எனக்கு ஒண்ணுமே தெரியல.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

பிரிஸ்கில்லாவுக்குப் பிறவியிலேயே கண் நரம்பில் குறை. அடுத்தடுத்த நிறங்கள் பளிச்சென்று வேறுபட்டால் உருவம் பிடிபடும். நிழல் விழுந்தாலும் பளபளத்தாலும் எல்லாம் ஒரே கூழ்தான். திண்டுக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் முன்பதிவு எடுத்துக் கொடுக்கிறாள். மீதி நேரத்தில் இந்த விளையாட்டு. சதுரக் கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து வீடு, கோட்டை, ஊர் என்று எதை வேண்டுமானாலும் எழுப்பலாம். எழுப்பியதற்குள்ளே நடந்தும் போகலாம்.

அந்த விளையாட்டு முதலில் அவள் கண்ணுக்கு எட்டவில்லை. அதனால் ஒவ்வொரு கட்டையின் முகத்தையும் தானே வரைந்து ஒரு டெக்ஸ்சர் பேக் செய்தாள். தரை சுத்த வெள்ளை. சுவர் கடும் நீலம். படி என்றால் அதன் ஓரத்தில் மஞ்சள் பட்டை. நான்கு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் ஊர்க்கோயிலைக் கட்டத் தொடங்கினாள். குஜிலியம்பாறைச் சாலையில் இருக்கும் அவர்கள் ஊரின் பழைய அந்தோணியார் கோயிலை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்புகிறார்கள். வாசலுக்கு ஏழு படி, படியெல்லாம் கருப்பு கிரானைட் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம், படி ஓரத்தில் மஞ்சள் பட்டை. இவ்வளவுதான் பிரிஸ்கில்லா கேட்டது. பங்குச் சாமியார் இன்று பத்து மணிக் கூட்டத்தில் அவளுக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தார். நாளை காலையில் வாசலுக்கு அஸ்திவார வானம் தோண்டுகிறார்கள்.

“என் பேக் எங்க?”

“அது... ஷேடர் போட்டதும் எரர் காட்டுச்சுக்கா. பழசா ஏதோ கிடக்குன்னு எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டேன்னா? குப்பைத்தொட்டியில இருக்கும்ல?”

சூசை இட்லித் தட்டை மேசைமேல் வைத்தான். கடையில் வாடிக்கையாளர் கணினியைத் திருப்பிக் கொடுக்கும் முன்பு வேண்டாததைத் தடமில்லாமல் துடைத்துவிடுவது அவன் கைப்பழக்கம். ஷிஃப்ட் பொத்தானோடு சேர்த்து டெலீட்டை அழுத்துவான். அது குப்பைத்தொட்டிக்கும் போகாது.

“ஷிஃப்ட் டெலீட்டா?”

“அக்கா, நீ எல்லாருக்கும் முன்னால காட்டப் போறியே, நல்லா சினிமாக் கணக்கா இருக்கட்டுமேன்னு...”

“உன்னை யாருலே கேட்டா?” அவள் மேசையில் அடித்த அடியில் இட்லித் தட்டு துள்ளியது. “ஒரு வார்த்தை கேட்டியா? அக்கா, இதை எடுக்கவான்னு ஒரே ஒரு வார்த்தை?”

சூசை அவசரமாக ஷேடரை அணைத்தான். மினுமினுப்பும் கிரானைட் கருப்பும் போயின. ஆனால் திரையில் மிஞ்சியது விளையாட்டின் சொந்த நிறங்கள்தான். சாம்பல் தரையில் சாம்பல் படி, சாம்பல் சுவர். அதுவும் அவளுக்கு எட்டவில்லை.

“நான் ஓட்டிக் காட்டுறேன்க்கா. நீ பக்கத்துல இருந்து சொல்லு.”

“நான் நடந்து காட்டணும்லே! நான் தனியா நடந்து உள்ள போறதைக் காட்டத்தான் அம்புட்டையும் கட்டினேன். ஷேடரையே போடு. அவங்களாவது பாக்கட்டும்.”

சூசை கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. கெட்டவனாக இருந்தால் ஒரே திட்டாகத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

கூட்டம், கோயிலை இடித்ததிலிருந்து பூசை நடக்கும் பங்குக் கொட்டகையில். கணினியைப் போர்வையில் சுற்றி, பைக்கின் முன்னால் வைத்துச் சூசை கொண்டுவந்தான். புரொஜெக்டர் படம் தெரிவதற்காகச் சன்னல்களை அடைத்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். முன்வரிசையில் பங்குச் சாமியார், கமிட்டிச் செயலாளர் அன்புமணி, கட்டுமான மேஸ்திரி பொம்மையன்.

படம் சுவரில் விழுந்ததும் “ஆத்தாடி!” என்று பெண்கள் பக்கத்தில் ஒரு குரல். கிணற்றுத் தண்ணீர் அசைந்தது. கருப்புப் படிகளில் மேகம் தெரிந்தது.

“பாத்தீங்களா சாமி, கிரானைட்டோட அழகை?” என்றார் அன்புமணி. “இந்தப் புள்ளையே போட்டுக் காட்டிருச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?”

பிரிஸ்கில்லா நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள். தன் கையாலேயே தன் வழக்கைத் தோற்கப் போகிறாள். சூசை விசைப்பலகைக்குக் கை நீட்டினான். அவள் தட்டிவிட்டாள். நினைவில் இருந்த கணக்கை நம்பி நடந்தாள். நேரே பத்து அடி, வலப்பக்கம் திரும்பினால் சாய்தளம். எட்டாவது அடியில் மினுங்கல் கண்ணை மறைத்தது. திரும்பினாள். தொப்பென்று ஒரு சத்தம்.

கோயில் கிணற்றுக்குள் விழுந்திருந்தாள்.

“ஏ புள்ள, பூசைக்குப் போகச் சொன்னா குளிக்கப் போறியே!” என்றாள் பின்னாலிருந்து லூர்தம்மாள். கொட்டகை சிரிப்பில் குலுங்கியது.

பிரிஸ்கில்லா எழுந்து நின்றாள். அவர்கள் பக்கம் திரும்பினாள். முகங்கள் தெரியவில்லை, சத்தம் மட்டும்.

“சிரிங்க. போன பெரிய வெள்ளிக்குப் பழைய கோயில்ல நிசப் படியிலயே விழுந்தேன். நெத்தியில தையல் போட்டாங்க. ‘பாத்து வரக்கூடாதா’ன்னு அம்புட்டுப் பேரும் கேட்டீங்க. எதைப் பாத்து வர? இப்ப உங்களுக்கு அழகாத் தெரியுது பாருங்க, இது எனக்கு எப்படித் தெரியுதோ அப்படித்தான் நீங்க போடப் போற படியும் தெரியும். கிணத்துல விழுந்த மாதிரிதான் விழுவேன்.”

சிரிப்பு அடங்கியது.

“அதுக்குத்தான்மா நாங்க இத்தன பேர் இருக்கோம்,” என்றார் அன்புமணி. குரலில் உண்மையான கனிவு இருந்தது. “கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக மாட்டோமா?”

“கூட்டிட்டுப் போறீங்க சார். இருபத்தொம்பது வருசமா கூட்டிட்டுப் போறீங்க. யாரு கை குடுப்பாங்கன்னு வாசல்ல நிப்பேன். கை குடுத்தவங்க எந்த பெஞ்சோ அதுலதான் நானும் உக்காரணும். அவங்க எந்திரிச்சா நானும் எந்திரிக்கணும். சாமிகிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட ஒரு ஆளை இழுத்துக்கிட்டுப் போறேன். எனக்கு ஒரு நாளாவது, செத்த நேரம், தனியா உள்ள போயி ஆண்டவர்கிட்ட பேசணும். அதுக்கும் கமிட்டி கூட்டணுமா?”

பங்குச் சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். நம்மில் பலர் கை கொடுத்திருக்கிறோம். போகிற இடத்தைக் கேட்டுக்கொண்டு கொடுத்தவர்கள் குறைவு.

“சாய்தளம் கட்டுனா பைக்கை ஏத்தி நிறுத்துவானுக,” என்று ஒருவர் முனகினார்.

“நிறுத்துறவன் வண்டியில காத்தப் புடுங்கி விடுறேன். எனக்கு வேற என்ன சோலி?” என்றாள் லூர்தம்மாள். இந்த முறை சிரிப்பில் கொஞ்சம் வெட்கம் கலந்திருந்தது.

மேஸ்திரி பொம்மையன் எழுந்தார். அவர் இந்தக் கோயிலுக்கு வருகிறவர் அல்ல. வேலை எடுத்திருப்பவர். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“பாப்பா, உனக்கு எந்தக் கலரு நல்லாத் தெரியும்?”

அவள் குரல் வந்த பக்கம் திரும்பினாள். இத்தனை நாளில் அந்தக் கொட்டகையில் யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி அது.

“மஞ்சள்,” என்றாள். “வெள்ளைக்குப் பக்கத்துல வேண்டாம், வெயில்ல கலந்துரும். அடர்ந்த நிறத்துக்குப் பக்கத்துல மஞ்சள்.”

“நாலு விரக்கடை அகலம் போதுமா? கல்லு சொரசொரப்பா இருக்கலாம்ல?”

“சொரசொரப்பாத்தான் இருக்கணும்ணே.”

அவர் குறித்துக்கொண்டார்.

“எல்லாஞ் சரி,” என்றார் அன்புமணி. “பாலசமுத்திரத்து இளஞ்செழியன் கிரானைட்டை தானமாக் குடுத்திருக்காரு. லாரியில வந்து இறங்கிருச்சு. இப்பப் போயி வேண்டாம்னா மனுசன் மனசு நோகாதா?”

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“இதையெல்லாம் எப்படிம்மா கேக்குறது?”

“நம்பர் குடுங்க. நான் கேக்குறேன். நாள் முழுக்கப் பேசுறதுதான் என் வேலை.”

அன்புமணி சாமியாரைப் பார்த்தார். சாமியார் தலையாட்டினார். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். குரலில் மருத்துவமனைப் பணிவு வந்து உட்கார்ந்துகொண்டது. விஷயத்தை நாலு வரியில் சொன்னாள்.

“ஏனுங்க, நானுங்களா படிக்குப் போடச் சொன்னேன்?” என்றது அந்தக் குரல். “எங்கம்மா வேண்டுதலுங்க. கோயிலுக்குன்னு குடுத்தேன், சுவத்துல ஒட்டுங்க, எங்க வேணா ஒட்டுங்க. படிக்கு மட்டும் வேண்டாமுங்க. எங்க வீட்டுப் படிக்குத்தான் அந்தக் கல்லை வாங்குனது. முத மழையிலேயே எங்கம்மா ரெண்டு தடவ வழுக்கி விழுந்துட்டாங்க. அதானுங்க மிச்சத்தை அங்க அனுப்புனேன்.”

அன்புமணி மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு மேஸ்திரி போடுற கோட்டுல தோண்டுங்க,” என்றார் பங்குச் சாமியார். பிறகு பிரிஸ்கில்லாவின் பக்கம் வந்தார். “நானும் கேக்கலம்மா. மன்னிச்சுக்க.”

அவள் சாமியாருக்குத் தோத்திரம் சொன்னாள். பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

எல்லாரும் வெளியேறியபின் சூசை கணினியைப் போர்வையில் சுற்றினான்.

“அக்கா, இன்னும் கோவமா?”

“ஆமா.”

“எம்புட்டு நாளைக்கு?”

“நாலு மாசம். அந்தப் பேக்கைப் பண்ண எனக்கு அம்புட்டு நாள் ஆச்சு.”

“உக்காந்து நானே திரும்பப் பண்ணித் தாரேன்க்கா.”

“நீயாப் பண்ணாதே. ஒவ்வொரு கட்டையா எங்கிட்ட காட்டி, தெரியுதான்னு கேட்டுக் கேட்டுப் பண்ணு.”

வெளியே வெயிலில் பொம்மையன் செம்மண்ணில் சுண்ணாம்புப் பொடியால் சாய்தளத்துக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். சிவப்பில் வெள்ளை. அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. சூசை பின்னால் வந்தான். வழக்கம்போல அவள் முழங்கையைப் பிடிக்கப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டான்.

“கை வேணுமாக்கா?”

“வேண்டாம்.”

கோட்டின் முதல் முனையில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். வெள்ளைக் கோட்டை ஒட்டி, தன் அடிகளை எண்ணிக்கொண்டே மெதுவாக நடந்து, மறுமுனையில் நின்று குனிந்து பார்த்தாள்.

“மேஸ்திரி அண்ணே, இந்த முனையில இன்னும் ரெண்டடி அகலம் விடுங்க. சக்கர நாற்காலி திரும்பணும்ல?”