நான்காம் பக்கத்தின் தற்போதைய நிலை

லேசர் பிரிண்டருக்குப் புது கேபிள் போட்ட அன்றும் சூசைமாணிக்கம் வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தார். மூன்று வருடமாக நிற்கிறார். அவருடைய பணி நிரந்தர ஆணையில் நான்காம் பக்கம் வரவில்லை. வந்ததும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

கணினி அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. முதல் நாள் கழற்றிய செருப்பை அவர் இன்னும் போடவில்லை. அவர் நிற்க நிற்க வராந்தாவும் நீண்டுகொண்டே போனது. கழிவறைக்குக் கிளம்புகிறவர்கள் டிபன் கேரியரையும் கையோடு எடுத்துப் போனார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

தலைமை எழுத்தர் தணிகாசலத்துக்கு மட்டும் அந்தப் பக்கம் பார்க்கவே கூசும். நான்காம் பக்கம் வராமல் இல்லை. சூடாகவே வந்தது. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டது அவர்தான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது பையில் இல்லை. "மெஷின் முழுங்கிடுச்சு" என்று சொன்னதும் அவர்தான். அந்த வேலை அவர் மச்சானுக்குப் போனது. மச்சான் பதினோரு நாள் வந்தான், ஃபேன் காற்று சரியில்லை என்று நின்றுவிட்டான். தணிகாசலத்தின் மனசாட்சி மட்டும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

"விடுங்க சார்," என்பார் சூசைமாணிக்கம், அவரைப் பார்க்கும்போதெல்லாம். "வாயில்லா ஜீவன். அத போயி என்ன சொல்றது?" பிரிண்டரைத் துடைக்கச் சொல்லித் தன் கைக்குட்டையைத் துவைத்தும் கொடுப்பார்.

கேபிளை மாட்டிய இன்ஜினியர் பெண் வஹீதா கையைத் தட்டிக்கொண்டாள்.

"இதுவரைக்கும் நீங்க அனுப்புவீங்க, அது அடிக்கும். அவ்ளோதான். இனிமே அதுவும் பதில் சொல்லும். பேப்பர் இருக்கா, சிக்கிருக்கா, மூடி திறந்திருக்கா, எல்லாம் ஸ்க்ரீன்ல வரும்."

"பழசெல்லாம் சொல்லுமா?" என்றார் தணிகாசலம்.

"கேட்டதுக்குச் சொல்லும் சார். கேட்டீங்கல்ல?"

கேட்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால், எல்லாரும் பார்க்க, பிரிண்டரின் தலையில் தட்டி, "நாலாம் பக்கம் எங்க?" என்று கேட்டிருந்தார்.

திரையில் பதில் வந்தது. நான்காம் பக்கம் அச்சாகிவிட்டது. காகிதம் சிக்கியுள்ளது. இடம்: தணிகாசலம்.

எல்லார் திரையிலும் அதுவே வந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. தணிகாசலம் சட்டைப் பித்தானைக் கழற்றினார். தாழ்ப்பாள் எங்கே என்று வஹீதா காட்டினாள். மார்பின் மூடி திறந்துகொண்டது.

"யாராவது மெதுவா இழுங்க. கிழிஞ்சா உள்ளயே தங்கிடும்."

சூசைமாணிக்கம் வந்தார். அரைநாள் நடை. இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையைத் தூக்குவது மாதிரி இழுத்தார். வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை என்றிருந்தது தணிகாசலத்துக்கு.

"கிழியாம வந்துடுச்சு சார்!" பக்கம் இன்னும் சூடாக இருந்தது. அவர் வாசித்தார். "ஏழு நாளைக்குள்ள சேரணுமாம். இன்னியோட எத்தன நாள் சார் ஆச்சு?"

"நான்தான்யா எடுத்தேன்," என்றார் தணிகாசலம். அழுகை வந்துவிட்டது.

"தெரியும் சார். ஸ்க்ரீன்லயே இருக்கே. நான் நாள்தான் கேட்டேன்."

தணிகாசலம் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். விரல் போதவில்லை.

"நிதானமா எண்ணுங்க சார். நான் வெளிய நிக்கிறேன்."

வெறுங்காலோடு அவர் திரும்பி நடந்தார். தணிகாசலம் மூடியை அழுத்திப் பார்த்தார். மூடவில்லை. அதையும் திரை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.