பொட்டு வைத்த ஸ்பேனர்

மானத்தின் விலை அறுபத்திரண்டாயிரம் ரூபாய். தொண்ணூற்றைந்தில் ஆரம்பித்து அங்கே வந்து நின்றது.

பேரம் பேசி வாங்கியவள் சாந்தகுமாரி. பெங்களூர் ஜோகுபாளையத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை, இருபத்திரண்டு வருஷ வியாபாரம். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒன்பதாவது மாடியில் குடியிருந்த அச்யுத் என்ற கம்பெனிக்காரர் தன்னுடைய பதினாலு வயசு வெள்ளைக் காரை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் நேரில் போனாள். நாலு டயரையும் உதைத்துப் பார்த்தாள். கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கேட்ட ஒவ்வொரு கிறீச்சுக்கும் ஆயிரம் ஆயிரமாகக் கழித்தாள். கடைசியில் அந்த மனிதர், கார் போகாவிட்டாலும் பரவாயில்லை, இந்த அம்மா போனால் போதும் என்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

இதில் மானம் எங்கே வந்தது என்றால், இளங்கோவனால் வந்தது. அவள் புருஷன் உத்தமனுக்கு அவர் கூடப் பிறந்த அண்ணன். மூன்று வாடகைக் கார் ஓட விட்டிருப்பவர். போன வருஷம் தம்பி குடும்பத்தைத் தன் காரில் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போனார். போய் வந்தது ஒரு நாள். சொல்லிக்காட்டியது பதினோரு மாதம். காதுகுத்து, வளைகாப்பு, பதினாறாம் நாள் காரியம், எங்கே இலை போட்டாலும் சரி, ரசம் வருவதற்குள் பேச்சு திருவண்ணாமலைக்குப் போய்விடும்.

சொந்தமாகக் கார் வந்த மூன்றாவது வாரமே ஸ்டார்ட்டர் மோட்டார் படுத்துவிட்டது. சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் பேச்சு மூச்சு இல்லை. தெருவே சேர்ந்து தள்ளினால் ஓடும். இளங்கோவன் இதை நான்கு நாள் ரசித்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் கடை வாசலில், வாடிக்கையாளர்கள் முன்னிலையில் சொன்னார்:

"தள்ளி ஸ்டார்ட் பண்ணா அது வண்டி இல்லம்மா, தேரு. பழைய இரும்புக்கு எடுக்கறவன் ஒருத்தன் இருக்கான். இருபத்தஞ்சாயிரம் தர்றேங்கறான். குடுத்துட்டு நிம்மதியா இரு."

சாந்தகுமாரி ஒரு குக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த வேகத்தில் வார்த்தை கொடுத்துவிட்டாள். ஆயுத பூஜை அன்று சாயங்காலம் தெருவில் வண்டிகளுக்குப் பூஜை போடும்போது, தன் காரும் வரிசையில் நிற்கும். யாரும் கை வைக்காமல், சாவியாலேயே ஸ்டார்ட் ஆகி, நாலு சக்கரமும் நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கும். நசுக்காவிட்டால் மறுநாளே இரும்புக்காரன் எடுத்துக்கொள்ளலாம். இளங்கோவன் அங்கேயே இரண்டு பேரைச் சாட்சி வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் வந்து பார்த்தார். புது மோட்டார், நாலாயிரத்து ஐந்நூறு, அதுவும் பண்டிகை கழித்துத்தான் என்றார். அவள் அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு போனில் ஒரு கன்னட வீடியோவை மூன்று தடவை பார்த்தாள். மோட்டார் கெட்டுப்போவதில்லையாம், அதற்குள்ளே கார்பன் பிரஷ் என்று சுண்டுவிரல் நகம் அளவு கரித்துண்டுகள் இருக்கின்றன, அவைதான் தேய்ந்துபோகின்றனவாம். அப்படியானால் தேய்ந்ததற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். அந்த நியாயம் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பூஜைக்கு முதல் நாள் ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் நானூற்றைம்பது சொன்னார். கன்னடத்தில் நலம் விசாரித்து, தக்னி உருதுவில் விலையைக் குறைத்து, மனசுக்குள் தமிழில் திட்டி, நூற்றெண்பதுக்கு வாங்கி வந்தாள்.

புதன்கிழமை பூஜை. மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு, பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் காருக்கடியில் விரித்துப் படுத்தாள். முதலில் பேட்டரி வயர் இரண்டையும் கழற்றினாள். பிறகு மோட்டாரை இறக்கிப் பிரித்து, தேய்ந்த கரியை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசைப் பொருத்தினாள். மூடி முடுக்கி, பேட்டரியிலிருந்து தனியாக இரண்டு வயர் இழுத்துத் தொட்டுப் பார்த்தாள். மோட்டார் உறுமிக்கொண்டு பேனர்மேல் ஒரு சாண் துள்ளியது. அவளும் துள்ளினாள். இனிமேல் அதைத் தூக்கி அதன் இடத்தில் வைத்து முடுக்க வேண்டியதுதான் பாக்கி. அரை மணி வேலை. அந்த நேரம் பார்த்துத் தாம்பூலத்துக்கு நாற்பது டம்ளர் கேட்டு ஆள் வந்தது. வியாபாரத்தை விடுகிற ரத்தம் அவள் உடம்பில் ஓடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

நாலே கால் மணிக்குத் திரும்பி வந்தால், ஸ்பேனர் ஒன்றையும் காணோம்.

எல்லாம் வீட்டுக்குள் இருந்தன. உத்தமன் பக்திமான். ஸ்பேனர்களை உரசித் தேய்த்துக் கழுவி, வாழையிலையில் உயர வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஆளுக்கொரு சாமந்திப் பூவும் வைத்திருந்தான். பக்கத்தில் கடைத் தராசு, பில் புக், கால்குலேட்டர். தன் வேலையைத் தானே பார்த்து மகிழ்ந்துகொண்டு நின்றான்.

"மோட்டார் இன்னும் ஏறலீங்க," என்றாள், மெதுவாக.

உத்தமன் முகம் வெளுத்தது. "ரெடின்னு குதிச்சியே? நான் முடிஞ்சுதுன்னு நெனச்சு..." என்றவன், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "பொட்டு வெச்சாச்சு சாந்தி. நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

அவளால் கத்தவும் முடியவில்லை. பொட்டு வைத்த தராசில் அவளே இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கரண்டிகூட நிறுத்ததில்லை. தனக்கு ஒரு சட்டம், ஸ்பேனருக்கு ஒரு சட்டம் என்று எப்படிச் சொல்வது? தெருவில் ஆறு பேரிடம் ஸ்பேனர் இருக்கிறது. ஆறு பேர் வீட்டிலும் அது இன்றைக்குச் சாமி. மெக்கானிக் கடையிலோ ஸ்க்ரூ டிரைவருக்குக்கூட மாலை. பெங்களூர் முழுக்கத் தேடினாலும் இன்று குங்குமம் படாத ஸ்பேனர் கிடைப்பது கஷ்டம்.

எதிர் வீட்டைத் தவிர. எதிர் வீட்டில் ரெமிஜியஸ், மனைவி மௌரீனோடு இருந்தார். தொழிற்சாலை ஒன்றில் டூல் ரூமில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச் பூசைக்குப் போகிறவர். இந்தப் பூஜையில் அவருக்குப் பங்கில்லை. சுவரில் பலகை அடித்து, நம்பர் வாரியாக ஸ்பேனர் மாட்டி வைத்திருப்பார். நாலு மணியிலிருந்தே வாசலில் நாற்காலி போட்டு நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் எதையும் விற்றதில்லை. ஆனால் இருபது வருஷம் சாந்தகுமாரியின் கடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், கற்றுக்கொள்ளாமல் இருப்பாரா?

"ரெமிண்ணா, பத்து, பன்னெண்டு, பதினாலு. மூணு ஸ்பேனர், அரை மணி நேரம்."

"கடன் குடுக்கறதில்ல. நீதானே போர்டு எழுதி மாட்டியிருக்க?"

"சரி, வாடகை சொல்லுங்க."

"பணம் வேணாம். மௌரீனுக்கு முட்டி வலி. வியாழக்கிழமை ஆனா விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகணும். ஆட்டோக்காரன் கேக்கறதைக் கேட்டா செஞ்ச வேண்டுதலே மறந்து போவுது. ஒரு ஸ்பேனருக்கு நாலு வியாழக்கிழமை. போக, வர."

"பன்னெண்டு வாரமா? தங்கத்துல செஞ்சதா அது? மூணுக்கும் சேத்து மூணு."

"வண்டி ஓடினாதானே எனக்கு வாடகை? ஓடலேன்னா ஸ்பேனர் தேய்மானம் என் தலையில. நஷ்டத்தையும் சேத்துதான் வெல சொல்றேன்."

நல்ல வாதம். கடையில் வாடிக்கையாளர்கள் செய்வதை அவளும் செய்தாள்: வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று அடி நடந்தாள். நான்காவது அடியில் கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை. ஐந்தாவதிலும் இல்லை. தெருக்கோடியில் மேளம் கேட்டது, பூசாரி வந்துவிட்டார். கூப்பிடாமலேயே திரும்பி வருவது எவ்வளவு கனமான காரியம் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

உள்ளேயிருந்து மௌரீனின் குரல் வந்தது. "ஸ்பேனருக்கு ரெண்டுன்னு முடிச்சிட்டு வாங்க, டீ ஆறுது."

ஆறு வியாழக்கிழமை. கைகொடுத்து முடித்தார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். மோட்டார் ஒரு கைக்குழந்தை கனம் இருந்தது. மல்லாந்து படுத்து மார்மேல் வைத்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. கீழ் போல்ட் சொன்னபடி கேட்டது. மேல் போல்ட் மறையில் பிடிக்காமல் வழுக்கி வழுக்கி அவள் கன்னத்தில் விழுந்தது. ரெமிஜியஸுக்குக் குனிய முடியாது. பானெட்டுக்கு மேலிருந்து டார்ச் அடித்துக்கொண்டு, வலது பக்கம், இன்னும் கொஞ்சம், அவசரப்படாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாடகை வசூலாக வேண்டுமென்றால் கார் ஓட வேண்டும். அவள் அளவுக்கு அவருக்கும் வேர்த்தது. தெருவில் பதினோரு வண்டி, இவளுடையது பன்னிரண்டாவது. ஒவ்வொரு வண்டி நகரும்போதும் 'பச்சக்' என்று பழம் நசுங்கும் சத்தம் காருக்கடியில் அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. எட்டாவது வண்டி நசுக்கியபோது போல்ட் மறையில் உட்கார்ந்தது. பத்தாவதில் மோட்டார் வயரை முடுக்கினாள். பேட்டரி வயரை மாட்டி இறுக்கியபோது பூசாரி பக்கத்து ஆட்டோவுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தார்.

முகமெல்லாம் கிரீஸோடு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இளங்கோவனே நாலு டயருக்கும் முன்னால் பழம் வைத்தார்; நேர்மையாகத்தான் வைத்தார். பூசாரி கற்பூரத் தட்டோடு வந்தார். அவள் சாவியைத் திருகினாள்.

ஒன்றுமில்லை. பழைய 'டிக்'கூட இல்லை. டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

இளங்கோவன் போனை எடுத்தார். இரும்புக்காரன் நம்பரைத் தேடுகிறார் என்று தெருவுக்கே புரிந்தது. சாந்தகுமாரியின் தலை கணக்குப் போட்டது. மத்தியானம் இதே பேட்டரியில் இதே மோட்டார் துள்ளியது. பேட்டரி நல்லது, மோட்டார் நல்லது. விற்கிறவனும் சரி, வாங்குகிறவனும் சரி என்றால் கோளாறு நடுவில் நிற்கிறவனிடம். இறங்கி ஓடிப்போய் பானெட்டைத் தூக்கினாள்.

அவசரத்தில் கண்ணில் படாதது இப்போது பட்டது. பேட்டரியில் வயர் மாட்டும் இரண்டு காதுகளிலும் மஞ்சளாக ஏதோ பிதுங்கி நின்றது. வயர் வளையத்தைத் தளர்த்திப் பார்த்தால் உள்ளே கனமாகச் சந்தனம், காய்ந்து ஓடுபோல.

உத்தமனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "பேட்டரியும் ஆயுதந்தானே... அதுக்கு மட்டும் வெக்காம விட்டா மனசு கேக்கல."

"தொடைக்கணும்."

"பொட்டை அழிக்கறதா? இன்னிக்கா?" அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. பூசாரியும் தெருவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கற்பூரம் பாதி கரைந்திருந்தது.

சாந்தகுமாரி நகத்தால் அந்தச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பானெட்டைச் சாத்தி, காரின் நட்ட நடு நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

"அழிக்கலீங்க," என்றாள். "எடம் மாத்தியிருக்கேன்."

பூசாரி தலையசைத்தார். அவருக்கும் வேறு தெருவுக்குப் போக வேண்டியிருந்தது.

இருந்தும் உள்ளே ஒரு படலம் ஒட்டியிருந்தது. மறுபடி பானெட்டைத் தூக்கியவள் நிமிர்வதற்குள், ரெமிஜியஸின் கை முன்னால் நீண்டது. கையில் துரு தேய்க்கும் எமரித் தாள்.

"இது தனி," என்றார்.

"எவ்ளோ?"

"ஒண்ணு."

பேரம் பேசாமல் பிடுங்கிக்கொண்டாள். அது ரெமிஜியஸுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. தேய்த்தாள், ஊதினாள், மாட்டினாள், இறுக்கினாள். கற்பூரம் நீலமாகி அணையும் நேரத்தில் சாவியைத் திருகினாள்.

மோட்டார் ஒரு தடவை உறுமியது; எஞ்சின் பிடித்துக்கொண்டது. தெருவில் எழுந்த கூச்சலில் மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கியரைப் போட்டு கிளட்சை விட்டாள். பச்சக். பச்சக். பச்சக்.

இளங்கோவன் குனிந்து பார்த்தார். "மூணுதான்," என்றார்.

இடது பக்கப் பின் டயர் நாலாவது பழத்தை நசுக்கவில்லை. அது வழுக்கிக்கொண்டு டயருக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி, முழுசாக உட்கார்ந்திருந்தது. சாந்தகுமாரி எஞ்சினை அணைக்கவில்லை, கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. கரகரவென்று ரிவர்ஸ் போட்டாள். பச்சக்.

"பின்னால வந்து நசுக்கினா கணக்குல சேருமா?" என்று இளங்கோவன் பூசாரியைக் கேட்டார். பழத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் பூசாரி தட்சிணைத் தட்டை நீட்டினார். இளங்கோவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். சுற்றிலும் பார்த்துவிட்டு ஜன்னலுக்குக் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அந்தக் கரிக்கு எவ்ளோ குடுத்த?"

"நூத்தி எம்பது மாமா."

"எங்கிட்ட போன மாசம் ரெண்டாயிரத்து நானூறு வாங்கிட்டான்மா," என்றார். பதினோரு மாதத்தில் திருவண்ணாமலையோ குத்தலோ இல்லாமல் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

சூட்டோடு சூடாக ஒரு ஓட்டம் போய்ப் பார்க்க வேண்டாமா? மௌரீனை முன் சீட்டில் ஏற்றினாள். உத்தமனும் அண்ணனும் பின் சீட்டு. அல்சூர் ஏரி வரை போய், சிக்னலில் வேண்டுமென்றே அணைத்து, வேண்டுமென்றே ஸ்டார்ட் செய்து, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிப்பதைச் சுகமாகக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

ரெமிஜியஸ் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பில் புக் பூஜையில் இருந்ததால் கணக்கு அவருடைய நோட்டிலேயே எழுதப்பட்டது. ஏரி வரை மௌரீனை ஏற்றிப் போனதை ஒரு வியாழக்கிழமையாகக் கழிக்க வேண்டும் என்றாள் சாந்தகுமாரி. இன்று புதன்கிழமை, தவிர அது கோயிலும் இல்லை, கால் காசு கழிக்க முடியாது என்றார் ரெமிஜியஸ். டீ இரண்டாம் தடவை ஆறும் வரை பேசி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்: 2
பன்னிரண்டாம் நம்பர்: 2
பதினாலாம் நம்பர்: 2
எமரித் தாள்: 1
ஆக வியாழக்கிழமை: 7
கழிவு, ஏரி வரை ஒரு சுற்று: அரை
பாக்கி: ஆறரை. முதல் தவணை நாளைக் காலை ஆறு மணி.