கடைசி இரண்டு பக்கங்கள்

கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, புது ஹார்ட் டிஸ்கை அதன் இடத்தில் பொருத்திக்கொண்டிருந்தான் மாப்பிள்ளை. கடைசித் திருகாணி ஏற மறுத்து அடம்பிடித்தது. கட்டிலில் படுத்திருந்த மாமியார் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"மாட்டியாச்சா?"

"இதோ ஆச்சு அத்தை."

"பழசு?"

"அது சுத்தவே மாட்டேங்குது. போயிடுச்சு."

"பிரிட்ஜ்ல வச்சுப் பாக்கறதுதானே. உங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதான்."

அவன் ஏசி மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அது அலுக்காத கேலி. அவன் சிரித்தான். ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்க அவர் நடுவே இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கியது அவன் காதில் விழாமல் இல்லை. காலையில் வந்துபோன மருத்துவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னிக்கோ நாளைக்கோ. எல்லாரும் கூடவே இருங்க" என்று தணிந்த குரலில் சொல்லியிருந்தார். மாமியாருக்குக் கேட்டிருக்கும். அவருக்கு எதுதான் கேட்காது?

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர் அவர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று அவர் சொன்னால், ஓடிக்கொண்டிருப்பவர்களும் ஒரு கணம் நின்று கேட்பார்கள். ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் குரல் சும்மா இருக்கவில்லை. பார்வையற்றவர்களுக்கான ஒலிநூலகம் ஒன்றுக்குப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்க ஆரம்பித்தார். கதை, சட்டம், தோட்டக்கலை என்று எது வந்தாலும் வாசித்தார். இப்போது வாசித்துக்கொண்டிருந்தது ஒரு துப்பறியும் நாவல். கடலில் போகும் கப்பல், உள்பக்கம் தாழிட்ட அறை, அதற்குள் ஒரு பிணம். ஒவ்வொரு அத்தியாயமும் முடிய முடிய நூலகத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே கேட்பவர்கள் கொலைகாரன் யாரென்று ஆளுக்கொரு பெயரைச் சொல்லி, தொலைபேசியில் அவரோடு மல்லுக்கு நின்றார்கள்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. நோய் முற்றி உட்கார முடியாமல் போனதும் ஒலிவாங்கியின் வயரை நீட்டிக் கட்டில்வரை கொண்டுவந்து, நாளொன்றுக்கு ஒரு பக்கம், அரைப் பக்கம் என்று வாசித்து, முந்தாநாள் மதியம் முடித்தார். சாயங்காலம் மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து அனுப்புவதாக இருந்தது. அதற்குள் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது.

"பேக்கப் இருக்குல்ல மாப்பிள?"

"இருக்கு அத்தை. அதுலேருந்துதான் எடுக்கப் போறேன்."

அந்த பேக்கப்பை ஏற்பாடு செய்தபோது அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கணினியில் இருப்பதையெல்லாம் இணையம் வழியாக எங்கோ இருக்கும் வேறு கணினிகளில் அந்த மென்பொருள் தானாகவே நகல் எடுத்து வைக்கும் என்று அவன் விளக்கியதற்கு, "முகம் தெரியாதவன் வீட்டுப் பரண்ல என் பொருள ஏன் வைக்கணும்?" என்று கேட்டவர். இன்று அந்தப் பரணைத்தான் நம்பிப் படுத்திருந்தார்.

கணினி உயிர்பெற்றது. மென்பொருளை இறக்கி நிறுவிக் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் ஒரு கேள்வி வந்து நின்றது. இது புதிய கணினியா, பழைய கணினிக்கு மாற்றா? அவன் விரல் முதல் பதிலின் மேல் போய்த் தயங்கியது. புதிது என்று சொல்லிவிட்டால் பழைய கணக்கோடு இதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஆகிவிடும். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மாற்று என்பதை அழுத்தினான்.

கோப்புகள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. எந்தக் காலத்திலோ வாசித்த சிறுவர் கதைகள் வந்தன. தோட்டக்கலை வந்தது. கப்பல் நாவலும் வந்தது. முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக வந்து, கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தோடு நின்றுபோனது.

அவன் மறுபடி தேடினான். பேக்கப் மென்பொருளின் செயல்பாட்டுப் பதிவைத் திறந்தான். திரையில் தெரிந்த அளவில், நாள் தவறாமல், ஒரே வரிதான் மேலிருந்து கீழ்வரை இருந்தது. கோப்பு திறந்திருக்கிறது, தவிர்க்கப்பட்டது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. திரும்பத் திரும்பத் திறக்கத் தெம்பில்லாமல், குரலைப் பதிவு செய்யும் மென்பொருளை மாமியார் இரவும் பகலும் திறந்தபடியே விட்டிருந்தார். தினமும் சேமித்திருக்கிறார், மூடவில்லை. பேக்கப் தினமும் வந்து கதவைத் தட்டியிருக்கிறது. உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

மருந்துக் கிண்ணத்தோடு உள்ளே வந்த மனைவி அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்டாள். "என்னங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "வரலையா?"

பொய் சொல்லலாம். எல்லாம் வந்துவிட்டது, அனுப்பிவிட்டேன் என்று சொன்னால் நிம்மதியாகக் கண்ணை மூடுவார். ஆனால் 'போட்டுக் காட்டுங்க' என்று உடனே கேட்பார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"கடைசி அத்தியாயம் மட்டும் வரல அத்தை. நீங்க மூடாம வச்சிருந்ததால அது நகல் எடுக்கல."

மாமியார் மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"அப்போ அந்தக் கனைப்பான் கிட்டப் போயிடும்" என்றார் கடைசியில்.

கனைப்பான் என்பது நூலகத்துக்குப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்யும் இன்னொருவர். வரிக்கு ஒரு தரம் தொண்டையைக் கனைப்பார். யாராவது பாதியில் விட்ட புத்தகத்தை அவர்தான் முடித்துக் கொடுப்பார்.

"வேற ஒருத்தர் வாசிச்சா என்னம்மா இப்போ?" என்றாள் மகள்.

"ஆரம்பத்துலேருந்து கூட்டிட்டு வந்தது நான். நடுக்கடல்ல விட்டுட்டுப் போகச் சொல்றியா? அதுவும் அந்தாள் கைல கொலைகாரன ஒப்படைச்சிட்டு?"

மாப்பிள்ளை திரையின் பக்கம் திரும்பினான். நகலே இல்லை என்று மென்பொருள் சொல்லவில்லை. தவிர்த்தேன் என்றுதான் சொன்னது. தவிர்க்காத நாள் ஒன்றாவது இருக்காதா? போன வாரம் ஒரு நாள் மின்சாரம் போய்க் கணினி அணைந்து, மாமியார் மின்வாரியத்தின் பரம்பரையையே திட்டித் தீர்த்தது நினைவுக்கு வந்தது. மின்சாரம் வந்து கணினி தானாக எழுந்தபோது பதிவு மென்பொருள் மூடித்தானே இருந்திருக்கும்?

பழைய பதிப்புகள் என்ற இடத்தைத் திறந்தான். தேதியை ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்த்தினான். காலி. காலி. அதற்கும் முந்தைய நாளில், ஒரே ஒரு கோப்பு.

"அத்தை!" என்று கத்திவிட்டான்.

இறங்கியதும் போட்டான். மாமியாரின் குரல் அறையை நிறைத்தது. ஒரு வாரத்துக்கு முந்தைய குரல். தளர்ந்திருந்தாலும் முதுகெலும்பு உள்ள குரல். அவர் கண்ணை மூடிக் கேட்டார். ஓரிடத்தில், "இங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்றார். கப்பலின் மருத்துவரம்மாள் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். பேச வாயைத் திறக்கிறாள். அங்கே பெரிய இருமல் ஒன்று குறுக்கிட்டது. "தண்ணி குடும்மா" என்றது பதிவிலிருந்த மகளின் குரல். அவ்வளவுதான்.

"மிச்சம் ரெண்டே பக்கம்" என்றார் மாமியார். "மைக்க எடுங்க."

"விளையாடறியாம்மா?" மகள் கிண்ணத்தை ஓசையுடன் வைத்தாள். "ஒரு வார்த்தைக்கு ஒன்பது தரம் மூச்சு வாங்குது. பேசவே கூடாதுன்னு..."

"மிச்சம் பிடிச்சு என்னடி பண்ணப் போறேன்?"

மகள் கணவனை முறைத்தாள், இதற்கெல்லாம் அவன்தான் காரணம் என்பதுபோல. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மைக் அவன் கையெட்டும் தூரத்தில் இருந்தும் அவன் எடுக்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து, பக்கத்தைப் பிரித்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எந்த வரிலேருந்து?" என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து மின்விசிறியை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தினான். சமையலறைக்குப் போய் பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். வீட்டில் எந்த மோட்டார் எவ்வளவு முனகும் என்பது அவனுக்கு அத்துப்படி. வீடு மொத்தமும் அடங்கிய பிறகு வந்து, ஒலிவாங்கியை அவர் உதட்டருகே வைத்து, சுட்டியை அழுத்தினான்.

மாமியார் வாசித்தார்.

ஒரு வரி. நிறுத்தம். இன்னொரு வரி. குரல் என்று சொல்ல அதிகம் இல்லை, காற்றுக்கு எழுத்து முளைத்ததுபோல் இருந்தது. ஆனால் ஒரு சொல் தேயவில்லை. பேருந்து நிலைய இரைச்சலுக்கு நடுவே ஊர்ப்பெயர்களைத் தெளிவாக உச்சரித்த நாக்கு, ளகரத்தையும் ழகரத்தையும் இன்னமும் அதனதன் இடத்தில் வைத்தது. மூச்சு கிடைக்காதபோது விரலை உயர்த்துவார். அவன் பதிவை நிறுத்துவான். மகள் அவர் உதட்டை ஈரத்துணியால் ஒற்றுவாள். விரல் இறங்கியதும் மறுபடி ஆரம்பிக்கும். பக்கம் திரும்பும் சத்தம் பதிவாகக் கூடாதென்று மகள் தாளை விரல்நுனியில் பிடித்து, பாம்பைத் தூக்குவதுபோல் தூக்கித் திருப்பினாள்.

கப்பலில் பியானோ வாசிப்பவள்தான் கொலை செய்தவள். அந்த வரி வந்தபோது, ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருந்த மகளே வாயைப் பிளந்தாள். இந்த முறை அது காதோரம் சொன்ன ரகசியமாக வந்து விழுந்தது.

கடைசி வாக்கியம் நீளமானது. மாமியார் அதற்கு முன்னால் வெகுநேரம் நிறுத்தினார். விரலை உயர்த்தவில்லை. மாப்பிள்ளையின் கை சுட்டியின் மேல் உறைந்து நின்றது. பிறகு அவர் அந்த வாக்கியத்தை, கமா கமாவாகக் கால்வைத்து, நடுவில் எங்கும் உட்காராமல், முழுசாக நடந்து முடித்தார்.

"முற்றும்" என்றார்.

உடனே, "மூடுங்க மாப்பிள. திறந்து வச்சிடாதீங்க."

சேமித்தான். மூடினான். இரண்டு துண்டுகளையும் இருமலை வெட்டிவிட்டு ஒட்டினான். பேக்கப்பின் சின்ன அம்பு சுழல ஆரம்பித்தது. மூவரும் அதையே பார்த்தார்கள். பாதியில் ஒரு தரம் நின்று, மீண்டும் சுழன்று, பச்சை நிறத்தில் சரி என்றது. மகள் கைதட்டிவிட்டாள். தட்டிய பிறகு வெட்கப்பட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

நூலகத்துக்கு அனுப்பியதும் பொறுப்பாளர் அம்மாளிடமிருந்து நன்றி வந்தது. மதியச் சாப்பாட்டை யாரும் சாப்பிடவில்லை. வெயில் இறங்கும் நேரத்தில் மாமியாரின் போன் அடித்தது. மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா! நெனச்சேன்மா! அந்தப் பியானோக்காரிதான்னு நான் அப்பவே நெனச்சேன்!" மறுமுனையில் ஓர் ஆண்குரல் கூவியது. பின்னால் இன்னும் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் கத்தினார்கள்.

மாமியாரின் முகம் விரிந்தது. "பொய் சொல்றான்" என்றார் மகளிடம். "போன வாரம் சமையல்காரன்னு சொன்னான்."

அதன் பிறகு அவர் பேசவில்லை. பேச வேண்டியது எதுவும் இருந்ததாகவும் தெரியவில்லை. தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தபோது, மகளின் கை தன் கைமேல் இருக்க, மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையிலிருந்த இடைவெளி நீண்டுகொண்டே போய், அடுத்தது வராமல் போனது. மகள் அம்மாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். மாப்பிள்ளை சமையலறைக்குப் போனான். பிரிட்ஜின் பிளக்கை மாட்ட மறந்திருந்தான். மாட்டிவிட்டு, அதன் கதவில் நெற்றியை வைத்துக் கொஞ்சநேரம் நின்றான்.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். பழைய ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பக்கத்து வீட்டார், உறவினர்கள். கனைப்பானும் வந்தார். தலைமாட்டில் நின்று தொண்டையைக் கனைத்தார். எதையோ சொல்லப் போகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

எடுத்துப் போகும் நேரத்துக்குச் சற்று முன்னால் நூலகத்துக்காரர்கள் வந்தார்கள். வெள்ளைக்கோல்களோடு ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி மாடி ஏறினார்கள். அதுவரை அவர்கள் அந்த வீட்டுக்கு வந்ததில்லை. போனில் கூவிய குரலுக்குரியவர் நடுத்தர வயதுக்காரர், தையல் கடை வைத்திருப்பவர். மாப்பிள்ளையின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"சார், கடைசி ரெண்டு பக்கம் எப்படி வாசிச்சாங்க தெரியுமா? குரல அப்படியே தாழ்த்தி, காதுல ரகசியம் சொல்ற மாதிரி. எங்களுக்கெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அந்த இடத்துக்குன்னே அப்படி ஒரு குரல எடுத்து வச்சிருந்திருக்காங்க பாருங்க. வேற யாருக்கு வரும் அது?"

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தான். அழுது சிவந்திருந்த அவள் முகத்தில், காலையிலிருந்து இல்லாத ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. சொல்ல வேண்டாம் என்பதுபோல் அவள் தலையைச் சின்னதாக அசைத்தாள்.

"வேற யாருக்கும் வராதுங்க" என்றான் அவன்.

எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு இருவரும் மாடி முகப்பில் வந்து நின்றார்கள். கீழே தெருவில் தையற்காரரும் அவருடைய நண்பரும் போய்க்கொண்டிருந்தார்கள். வாக்குவாதம் மாடிவரை கேட்டது. உள்பக்கம் தாழிட்ட அறைக்குள்ளிருந்து பியானோக்காரி எப்படி வெளியே வந்திருப்பாள் என்று நண்பருக்கு விளங்கவே இல்லை. "இருய்யா, காட்டறேன்" என்று தையற்காரர் நடுத்தெருவில் நின்றார். தன் கோலை நண்பரிடம் கொடுத்துவிட்டு, நண்பரின் இரண்டு கைகளையும் பிடித்துக் காற்றில் ஒரு கதவையும் அதன் தாழ்ப்பாளையும் தொட்டுக் காட்ட ஆரம்பித்தார். எதிரே வந்த சைக்கிள்காரர் மணியடிக்கவில்லை. இறங்கி, அந்தக் கதவைச் சுற்றிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி போனார்.