தேரைக்குப் போட்ட பழி

மச்சாள் அருமைநாயகி கோபித்துக்கொண்டால் வாய் திறக்க மாட்டார். அவருக்குப் பதிலாகச் சட்டி பானை பேசும். அன்று பின்னேரம், அவர்கள் புலம்பெயர்ந்து வந்த மோர்டன் ஊர் வீட்டுக் குசினியில் அவை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. காரணம், தம்பி பெண்சாதி குமுதா கையில் எடுத்த வாளி.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மார்ச் மாதத்தின் முதல் கதகதப்பான மழை. பூங்காவில் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்த தேரைகள் முட்டையிடக் கிளம்பும் நேரம் அது. தாங்கள் பிறந்த குளத்துக்கே போகும். வேறு குளம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம், அப்படி ஒரு பிடிவாதம். பூங்காவுக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு சாலை. புது சூப்பர்மார்க்கெட் வந்தபின் அது கார்க்காரர்களுக்குக் குறுக்குவழியாகிவிட்டது. தேரையோ தவளை மாதிரிப் பாயாது, ஆற அமர நடக்கும். வேலையால் வரும் வழியில் நசுங்கிக் கிடந்தவற்றைப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல்தான் குமுதா எதிர்வீட்டு மார்கரெட்டோடு சேர்ந்து தேரைகளை வாளியில் தூக்கிக் குளத்தில் விடப் போனாள். இந்த நாட்டில் தேரைகள் வருடா வருடம் குறைந்துகொண்டு வருகின்றன, இந்தக் குளமும் போனால் இந்தப் பக்கத்தில் தேரை என்ற பேச்சே இருக்காது என்று மார்கரெட் சொல்லியிருந்தாள்.

இன்று மார்கரெட் காலில் கட்டோடு ஆஸ்பத்திரியில். குமுதாவை விட்டால் ஆள் இல்லை.

கணவன் விஜயன் ஷிப்டில் இருந்தான். கைக்குழந்தையை மச்சாள்தான் பார்க்க வேண்டும். தேரை மோதினால் பிள்ளை தேய்ந்து போகும் என்பதில் மச்சாளுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. பிள்ளையும் கொஞ்சம் மெலிவுதான். தேரை தொட்ட கையோடு வீட்டுக்குள் வருவதென்றால் தன்னைப் பிள்ளை பார்க்கக் கூப்பிட வேண்டாம் என்று மட்டும் வாய் திறந்து சொல்லி, கடைசி மூடியையும் படாரென்று வைத்தார்.

குமுதாவுக்கு இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. யுத்த காலத்தில் வன்னியில் இடம்பெயர்ந்து கொட்டிலில் கிடந்த நாளில் அவளுடைய மூத்த மகள் இப்படித்தான் தேய்ந்து தேய்ந்து போனாள். அப்போதும் மச்சாள் தேரை என்றார், அக்கம்பக்கம் தலையாட்டியது. ஈரத்துக்கு வந்து ஒதுங்கியிருந்த ஒரு தேரையை அடித்தே கொன்றார்கள். அன்று குமுதாவுக்கு வாய் திறக்கத் தெம்பு இருக்கவில்லை. இன்று இருந்தது.

“மச்சாள், என்ர மூத்தது தேரையால சாகேல்லை. பால்மா இல்லாமல் செத்தது. பால்மாவை மறிச்சவங்களை ஒண்டும் கேக்க ஏலாமல், வாயில்லாச் சீவன்ர தலையில பழியைப் போட்டம்.”

குசினி அடங்கிப்போனது. குமுதா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளையைப் போர்த்தித் தள்ளுவண்டியில் வைத்து, மழை உறையை மாட்டி, வாளியைக் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு புறப்பட்டாள்.

சாலையில் இருள் கவியத் தொடங்கியிருந்தது. வண்டியை மதிலோரமாக நிறுத்தி டோர்ச் அடித்தாள். பிள்ளை நல்ல நித்திரை. தேரைகள் வந்துகொண்டிருந்தன, பெண்ணின் முதுகில் ஆண் சொகுசாகச் சவாரி செய்தபடி. கையுறை போட்ட கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி வாளிக்குள் விட்டாள். ஆனால் ஒருத்தி எத்தனையைத் தூக்குவது? இரண்டு பக்கமும் கார். ஒன்றை எடுக்கும்போது இன்னொன்று டயருக்குள் போனது. அந்தச் சத்தம் கேட்டும் அவள் நிமிரவில்லை. எவன் வந்து என்ன சொன்னாலும் இன்று போவதில்லை என்று குனிந்தபடியே இருந்தாள்.

கிறீச்சென்று ஒரு கார் நின்றது.

நடுச்சாலையில் மச்சாள் நின்றார். சேலைக்கு மேல் விஜயனின் மஞ்சள் நிற வேலைச் சட்டை. ஒரு கை நேரே நீண்டிருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபின் கார்க்காரனுக்கு ஹோர்ன் அடிக்கத் துணிவு வரவில்லை.

“நான் உதுகளைத் தொடமாட்டன்,” என்றார், குமுதாவைப் பார்க்காமல். “காரை மறிக்கிறன். நீ தூக்கு.”

குமுதா தூக்கினாள். வாளி நிறைந்ததும் குளத்தில் விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள். மச்சாள் அசையவில்லை. மழை அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

“அண்டைக்குப் பால்மா தேடிப் போனது நான்தானே,” என்றார் மெல்ல. “வெறுங்கையோடதான் வந்தனான். தேரை எண்டு சொன்னால்தான் எனக்கு நித்திரை வரும், குமுதா.”

குமுதா ஈரக் கையால் மச்சாளின் தோளைத் தொட்டாள். அது தேரை தொட்ட கை. மச்சாள் விலகவில்லை.

பின்னால் கார்கள் வரிசை கட்டியிருந்தன. குமுதா குனிந்து அடுத்ததைத் தூக்கினாள். மச்சாள் நீட்டிய கையை இறக்கவே இல்லை.