ஏழாம் பெட்டியின் காய்ச்சல்

காலை எட்டு பத்துக்கு எர்மெலிந்தாவின் கைப்பேசி அலறியது. மூன்றாம் கிடங்கு, ஏழாம் பெட்டி: ஈரப்பதம் எகிறிவிட்டது. கால் மணி நேரத்தில் தானாகவே இறங்கியும் விட்டது. பிறகு ஒன்பதேகாலுக்கு ஒருமுறை, பத்தேகாலுக்கு ஒருமுறை. மாலைக்குள் ஆறு தடவை. பத்து நாளாக இதே கூத்து.

ஈரம் அளக்கும், சோப்புக்கட்டி அளவுள்ள அந்த வெள்ளைப் பெட்டிகள் பன்னிரண்டையும் கூட்டுறவுச் சங்கத்தை வாங்க வைத்தவள் அவள்தான். மாத்தே என்ற கசப்புப் பானத்துக்கான யெர்பா இலை, மூட்டைக்குள் ஒரு வருஷம் கிடந்து பக்குவப்பட வேண்டும். ஈரம் கூடினால் பூசணம், குறைந்தால் வெறும் வைக்கோல். பெட்டிகள் வருவதற்கு முன், இரண்டு மணிக்கொருதரம் ஈரமானியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏணி வைத்து மூட்டை மலைமேல் ஏறி இறங்குவதுதான் அவள் வேலை. இப்போது கம்பியில்லாமலே எல்லாக் கணக்கும் மேஜைக்கு வந்துவிடுகிறது. அவளுடைய இடது முழங்கால் அந்தப் பெட்டிகளைக் கையெடுத்துக் கும்பிட்டது.

வியாழக்கிழமை பொதுக்கூட்டம். பெட்டிகளை வைத்துக்கொள்வதா, கழற்றி அனுப்புவதா என்று அன்று ஓட்டெடுப்பு. ஏழாம் பெட்டி இப்படிக் காய்ச்சல்காரன் போலத் துள்ளினால் முடிவு என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏணி சுவரோரம் சாய்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

விளக்கம் சொல்லத் தலைநகரிலிருந்து இன்ஜினியர் லியாந்த்ரோ வந்திருந்தார். கிடங்குக்குள் நான்கு நிமிஷம் நின்றார், தும்மினார், விடுதிக்குத் திரும்பி நாற்பத்திரண்டு பக்க அறிக்கை எழுதினார். தலைப்பே மூன்று வரி.

"இலை சுவாசிக்குதும்மா," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "பகல்ல ஆறு தடவை மூச்சு விடுது. உலகத்துல இதை முதல்ல கவனிச்சது நான்தான்."

"ஞாயித்துக்கிழமை ஒரு தடவைகூட விடலையே, இன்ஜினியர்? இலைக்கும் வார லீவா?"

"அதுக்குத் தனி அத்தியாயம் இருக்கு," என்றார் அவர்.

அத்தியாயத்துக்குக் காத்திருக்க எர்மெலிந்தாவுக்கு நேரமில்லை. புதன்கிழமை பத்து மணிக்குப் போய் ஏழாம் பெட்டிக்கு எதிரே மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பத்தேகாலுக்குக் கதவு மெல்லத் திறந்தது. பூனை நடை நடந்து வந்தவர் சங்கத் தலைவர் காசிமீரோ. 'கிடங்குக்குள் மாத்தே குடிப்பது கண்டிப்பாகத் தடை' என்ற அறிவிப்பில் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டிருப்பவரும் அவரே. கோட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்க், சுரைக்குடுவை, உறிஞ்சுகுழல் எல்லாம் வெளிப்பட்டன. சரியாக ஏழாம் பெட்டிக்கு அடியில் ஒரு மூட்டைமேல் அமர்ந்தார். பிளாஸ்க்கைத் திறந்தார். ஆவி குபுகுபுவென்று நேரே பெட்டிக்குள் ஏறியது. எர்மெலிந்தாவின் கைப்பேசி அலறியது.

தலைவர் குடுவையை நழுவவிட்டார்.

"இதுதானா இலை விடுற மூச்சு?" என்றபடி எழுந்தாள் அவள்.

"சத்தம் போடாதேம்மா! டாக்டர் மூணு மாசம் மாத்தே தொடக்கூடாதுன்னுட்டார். வயித்துப் புண்ணாம். வீட்ல என் பெண்டாட்டி ஓல்கா குடுவையெல்லாம் பூட்டி வச்சுட்டா. ஆபீஸ்ல டைப் அடிக்கிறது அவ தங்கச்சி. நான் எங்கதான் போறது? யெர்பா சங்கத் தலைவன் யெர்பா குடிக்கக்கூடாதுன்னா, வெளிய தலை காட்ட முடியுமா?"

"நீங்க எங்க வேணா போங்க தலைவரே. நாளைக்குக் கூட்டத்துல உண்மையைச் சொல்லிடுங்க. நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

"ஓல்கா ரெண்டாவது வரிசையில உக்காருவாளே!"

"என் முழங்கால் முதல் வரிசையில உக்காரும்," என்றாள் எர்மெலிந்தா.

வியாழக்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. வரிசைக்கு வரிசை மாத்தே சுற்றிக்கொண்டிருந்தது. மேடையில் தலைவர் மட்டும் கெமோமில் பூத் தேநீரை விஷம் போல விழுங்கிக்கொண்டிருந்தார். இன்ஜினியர் திரையில் ஆறு சிவப்பு முகடுகளைக் காட்டினார். பத்தொன்பதாம் பக்கத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆக, மூன்றாம் கிடங்கு இலை இயல்புக்கு மாறாகச் சுவாசிக்கிறது. அத்தனையையும் இரண்டாந்தரமாக அறிவிக்கப் பரிந்துரைக்கிறேன். இந்தப் பெட்டிகளையும் அகற்றிவிட வேண்டும். இத்தனை நுட்பமான மூச்சை அளக்க இவற்றால் ஆகாது."

"ரெண்டாந்தரமா? என் இலையா?" என்று பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் முப்பது பேர் எழுந்தார்கள். "பெட்டியைத் தூக்கி எறிங்கய்யா! அது வர்றதுக்கு முன்னாடி எந்த இலைக்கு மூச்சு வாங்குச்சு?" கைகள் உயரத் தொடங்கின.

எர்மெலிந்தா எழுந்து நின்றாள். தலைவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

காசிமீரோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். மைக்கைப் பிடித்தார். தேர்தல் வெற்றியன்று முக்கால் மணி நேரம் முழங்கிய மனிதர், இன்று நாலே சொல்லில் முடித்தார்.

"அந்த மூச்சு நான் விட்டதுதான்."

பிறகு பிளாஸ்க், கோட்டு, மூட்டை என்று கதை முழுவதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சிரிப்பு பின்வரிசையில் கிளம்பி மேடைவரை வந்தது. இலை பிழைத்துக்கொண்டது என்று புரிந்ததும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இன்ஜினியர் மட்டும் இருபதாம் பக்கத்தைப் புரட்டி, "தலைவரின் தலையீட்டைக் கழித்தாலும் ஒரு மெல்லிய மூச்சு..." என்றார். யாரோ அவர் கையில் ஒரு மாத்தேயைத் திணித்து வாயை அடைத்தார்கள்.

இரண்டாவது வரிசையில் ஓல்கா எழுந்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

தலைவர், "ரெண்டு தடவை... ஏதோ வாய் நனைக்க..." என்று இழுத்தார். கூட்டமே விரல் நீட்டிச் சிவப்பு முகடுகளை எண்ணியது: "ஒண்ணு! ரெண்டு! மூணு!..." ஆறில் வந்து நின்றபோது கைத்தட்டல்.

"நேத்தும் ஆறா?"

"நேத்து அஞ்சரை," என்றாள் எர்மெலிந்தா. "ஒண்ணு பாதியில கொட்டிடுச்சு."

ஓல்கா திரும்பிப் பார்த்தாள். "பொண்ணே, இது எல்லாத்தையும் அந்தப் பெட்டியே சொல்லுதா? கம்பி கிம்பி எதுவும் இல்லாம?"

"ஆமாம்மா. நிமிஷக் கணக்கோட."

"அப்ப அதை எதுக்குக் கழட்டணும்?" ஓல்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "பன்னிரண்டும் இருக்கட்டும். பதிமூணாவதா ஒண்ணு வாங்கித் தலைவர் அறையில மாட்டணும். அதோட சத்தம் என் கைப்பேசிக்கும் வரணும். ஓட்டுக்கு விடுங்க."

மேடையில் ஒரு ஜோடிக் கைகள் மடியிலேயே கிடந்தன. மற்ற எல்லாக் கைகளும் உயர்ந்தன. சிலர் உற்சாகத்தில் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டதால் எண்ணுவதற்குத்தான் கொஞ்சம் சிரமமாகிவிட்டது. எர்மெலிந்தா அன்று மாலையே ஏணியைத் தோட்டக்காரனுக்குக் கொடுத்தனுப்பினாள்.