நாளுக்கு ஒரு கிழிசல்

"பல்லா? போயும் போயும் பல்லா?"

"செயற்கைப் பல்லு மாமா. அச்சு எடுத்து, செதுக்கி, மெருகு போடணும். தாஷ்கண்டுல ரெண்டு வருஷப் படிப்பு."

"மெருகு போட எதுக்குடி தாஷ்கண்டு? இங்கயே உக்காந்து போடு. காகிதம் கடிக்காது."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார் மாமா. முன்பற்கள் இரண்டும் தங்கத்தில் மின்னின.

"இடம் கெடச்சாச்சு மாமா. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வரேன்னு சொல்லணும். உங்களைக் கேக்கச் சொன்னா அம்மா."

"சீசன் முடியட்டும், ஓய்தின்."

போன வருடமும் இதையேதான் சொன்னார். சமர்கண்டில் சீசன் முடிவதே இல்லை. வெயில் போனால் இலையுதிர் காலத்துக் கூட்டம், அது போனால் பனியைப் பார்க்க வருகிறவர்கள். அப்பா இறந்ததிலிருந்து நானும் அம்மாவும் மாமா வீட்டில்தான் இருக்கிறோம். எதைக் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்: "அண்ணன் சரின்னா எனக்கும் சரி." மாமா கெட்டவர் இல்லை. என்னை ஒருநாளும் பட்டினி போட்டதில்லை, அடித்ததில்லை. அதனால்தான் அவரை மீறிப் போக ஒரு வழியும் தெரியவில்லை.

எங்கள் காகிதப் பட்டறை ஓடைக்கரையில் இருக்கிறது. மல்பெரிக் கிளையின் பட்டையைச் சுரண்டி, வேகவைத்து, நீர்ச்சக்கரத்து உலக்கைகளால் இடித்து, தொட்டியில் கரைத்து, சல்லடையில் அள்ளித் தாளாக்குவோம். பலகையில் ஒட்டிக் காயவைத்த தாள் கடைசியில் என்னிடம் வரும். பளிங்குப் பலகையில் அதை விரித்து, உள்ளங்கைக்குள் அடங்கும் வழவழப்பான கல்லால் தேய்ப்பேன், தாளில் ஜன்னல் தெரிகிறவரை.

இரண்டு வருடங்களுக்கு முன் யாரோ ஒரு பயணி என் கைகளை மட்டும் படம் எடுத்து இணையத்தில் போட்டார். முகம் இல்லை, பேச்சு இல்லை. கல் தாளில் ஓடும் சத்தம் மட்டும். அதைக் கேட்டுக்கொண்டே மக்கள் தூங்குகிறார்களாம். எங்கெங்கோ, பெயர் கூடக் கேள்விப்படாத ஊர்களில். பகல் முழுவதும் கண்ணாடித் திரையைத் தேய்க்கிறவர்கள், ராத்திரியானால் நான் காகிதம் தேய்ப்பதை அதே திரையில் பார்க்கிறார்கள். "ஒலகமே உன் கையால தூங்குது" என்பார் மாமா. எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.

அதற்குப் பிறகு மாமா எனக்கென்று ஒரு அறை கட்டினார். காற்றுச் சத்தம் பதிவாகிவிடாமல் இருக்க மூன்று பக்கமும் கண்ணாடி. அனுமதி வாங்கியவர்கள் மட்டும் உள்ளே வந்து பதிவு செய்யலாம், மற்றவர்கள் வெளியே நின்றுதான். அந்த அறைக்குள் நான் போன் வைத்திருக்கக் கூடாது. படத்தில் தெரிந்தால் அழகு கெட்டுவிடுமாம். அது நாள் முழுவதும் மாமாவின் மேசை இழுப்பறையில் கிடக்கும். ஓடை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கேயோ போகிற ஒன்றைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று மாமாவிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது.

"உன் கை மாதிரி ஒரு கையைக் காட்டு, நான் உன்னை விட்டுடறேன்" என்று ஒருமுறை சொன்னார். உடனே மெஹ்ரியைக் கூட்டி வந்தேன். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். மூன்றே மாதத்தில் என்னைவிட நன்றாக மெருகேற்றினாள். ஆனால் வந்தவர்கள் அவள் கைகளைப் பார்த்ததும் போனை இறக்கிவிட்டு, "வீடியோல வர்ற பொண்ணு எங்க?" என்று கேட்டார்கள்.

"ஏன், எனக்கு ஆறு வெரலா இருக்கு?" என்று எரிந்து விழுந்தாள் மெஹ்ரி. "காகிதத்தைப் பாக்க வந்தாங்களா, கல்யாணப் பொண்ணு பாக்க வந்தாங்களா?"

அப்போதுதான் எனக்கு அந்த விதி ஞாபகம் வந்தது.

பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் விதி. கல்லால் தாளைக் கிழித்தவள் அந்த சீசன் முழுவதும் கல்லைத் தொடக் கூடாது, பட்டை சுரண்டப் போக வேண்டும். கிழிந்த தாளை விற்கக் கூடாது, தொட்டியில் போட்டுத் திரும்பவும் கரைக்க வேண்டும். "அது இன்னும் பொறக்காத தாளு" என்பார் மாமா. அத்தையே ஒருமுறை கிழித்துவிட்டாள். கூட்டத்துக்கு முன்னாலேயே அவளை எழுப்பி அனுப்பினார். ஒரு வாரம் அவருக்குச் சூடான சோறு கிடைக்கவில்லை. ஆனாலும் விதியை விட்டுக்கொடுக்கவில்லை.

பட்டை சுரண்ட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதற்காக என்னைப் பிடித்து வைக்க மாட்டார்.

புதன்கிழமை பெரிய கூட்டம். கண்ணாடி ஓரமாகப் போன்கள் வரிசையாக உயர்ந்தன. தாளில் பட்டைத் துணுக்கு ஒன்று கறுப்பாகத் தெரிந்தது. கல்லின் விளிம்பைச் சற்றே சாய்த்து, அந்த இடத்தில் அழுத்தினேன். வழக்கமான சத்தம் அறுந்து, வறண்ட சத்தம் ஒன்று நீளமாக வந்தது. தாள் பாதிவரை கிழிந்துவிட்டது.

மாமாவின் முகம் சிவந்தது. கதவைத் திறந்து, "எழுந்திரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குள் ஒரு நரைத்த பெண்மணி உள்ளே வந்து அந்தத் தாளை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கிழிந்த விளிம்பில் நார்கள் முடியைப் போல நீட்டிக்கொண்டிருந்தன. அதை விரலால் தடவினாள். அவள் கண்கள் கலங்கின. தன் போனில் ஏதோ சொன்னாள். போன் ஒரு ஆண் குரலில் எங்கள் மொழியில் பேசியது:

"இதை நான் வாங்கிக்கொள்ளலாமா? இது உண்மையானது."

மாமா என்னைப் பார்த்தார். உயர்ந்திருந்த போன்களைப் பார்த்தார். தொட்டி இருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

"தாராளமா" என்றார்.

கிழிந்த தாளைச் சுருட்டிப் பட்டு நாடா கட்டிக் கொடுத்தோம். நாடா கட்டியது நான்தான்.

மாலையில் முலாம்பழம் வெட்டிக்கொண்டு மாமா என் அறைக்கு வந்தார். அவ்வளவு உற்சாகமாக அவரை நான் பார்த்ததில்லை.

"வீடியோ பறக்குது ஓய்தின்! நாளைலேருந்து ஒரு நாளைக்கு ஒண்ணு கிழி. கடைசில கிழி, மொதல்லயே கிழிச்சுத் தொலைச்சிடாத."

"விதி என்னாச்சு மாமா?"

"விதி நம்மளோடதுதானே? வெளிய ஊர்லேருந்தா வந்துச்சு?"

"அப்ப அத்தையை எழுப்பி அனுப்பினீங்களே?"

"அவ காலத்துல வீடியோ இல்ல."

"சரி, மெஹ்ரி கிழிக்கட்டும். அவளும் நல்லாவே கிழிப்பா."

"அவ கிழிச்சா வெறும் கிழிசல். நீ கிழிச்சா…" இன்னொரு துண்டு முலாம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை கிழித்தேன். கைதட்டினார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் அம்மாவிடம் போனேன். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணன் என்ன சொன்னான்?" என்று தந்தூர் அடுப்புக்குள் கையை விட்டபடியே கேட்டாள். நான் சுட்ட ரொட்டிகளை அடுக்கினேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மதியம் மாமாவின் இழுப்பறையில் என் போன் நடுங்குவது கண்ணாடி வழியாகவே தெரிந்தது, தாஷ்கண்டிலிருந்துதான் இருக்கும். மேசை மேலிருந்த தேநீர்க் கிண்ணம் லேசாக ஆடியது. மாமா அதை நகர்த்தி வைத்தார். சற்று நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது.

இப்போது சாயங்காலக் கூட்டம். மாமா கண்ணாடிக்கு வெளியே நிற்கிறார். அவருக்கு இங்கே எதுவும் கேட்காது. அறைக்குள் அனுமதி வாங்கி வந்திருப்பவன் ஒருத்தன்தான், எந்த ஊரோ தெரியாத இளைஞன். போனை என் கைகளுக்கு அருகில் தாங்கிக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்திருக்கிறான். நேரலையாம். திரையில் இதயங்கள் மேலே மேலே மிதந்து போகின்றன. இவனுக்கு எங்கள் மொழி தெரியாது. ஆனால் அந்த இதயங்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் படுக்கையில் கிடக்கிறார்கள். அதில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.

கல்லை நிறுத்தாமல், சத்தம் மாறாமல், மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். வேலைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டான் போல. கல்லின் தாளத்துக்குத் தலையை ஆட்டினான்.

"இதைப் பாக்குறவங்க யாராவது இருந்தா கேளுங்க. என் பேரு ஓய்தின். வெளிய சிரிச்சிட்டு நிக்கறவரு எங்க மாமா, பேரு இஸ்மத். பட்டறை நம்பர் கீழயே போட்டிருப்பாங்க. இன்னும் நேரம் இருக்கு. நான் சொன்னா கேக்க மாட்டாரு, பாக்குறவங்க சொன்னா விதியையே மாத்திடுவாரு. ஒரு தடவை போன் பண்ணி, என்னைத் தாஷ்கண்டுக்கு அனுப்பச் சொல்றீங்களா?"