கடைசி வீட்டிலிருந்து

பாலையடிக் குடியேற்றத்தில் தண்ணீர்த் தாங்கி திறக்கப்பட்ட நாளிலிருந்து, கடைசி வீட்டுக் குடம் நிறையாமல் வேறு எந்த வீட்டுக்கும் தண்ணீர் வந்ததில்லை. அந்தக் கடைசி வீடு வடிவம்மாவுடையது. மலைநாட்டிலிருந்து வந்தவர்களின் வீடுகள் ஒழுங்கைப் பாதை முடியும் மேட்டில் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வயற்காணிக்கு வந்தவர்களின் வீடுகள் தாங்கியின் காலடியில். தண்ணீர் மேட்டுக்குக் கடைசியாக ஏறுவதுதான் முறை. பொறியியலாளர்கள் வந்து அழுத்தத்தை அளந்தார்கள், வால்வுகளைக் கழற்றிப் பூட்டினார்கள், எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தண்ணீர்ச் சங்கத் தலைவர் தில்லைநாதன், தன் குழாயையே கடைசியாக்கிவிடலாம் என்று வீட்டிலிருந்து தனிக் குழாய் இழுத்து, வடிவம்மாவின் வேலிக்கு அப்பால் ஒரு பைப்பை நட்டுப் பார்த்தார். அதில் காற்று மட்டும் வந்தது. பிறகு அவர் காலையில் சைக்கிளில் மேட்டுக்கு வரத் தொடங்கினார்.

“வடிவம்மா, குடத்தை வச்சிட்டீங்களோ? எங்கட வீட்டில தேத்தண்ணிக்கும் தண்ணியில்லை.”

“வச்சாச்சுங்க ஐயா. இத்தன வருசத்துக்கப்புறம் இப்பதான் நம்ம வீட்டு வழி தெரிஞ்சிருக்கு. தேத்தண்ணிய இங்கயே குடிச்சிட்டுப் போங்க.”

முதல் வருடம் தில்லைநாதன் நின்றுகொண்டு குடித்தார். அடுத்த வருடம் கதிரையில் இருந்து குடித்தார்.

வடிவம்மாவின் கணவர் சுடலைமுத்துவுக்குக் கிணற்றுத் தண்ணீர் சிறுநீரகத்தைக் கெடுத்திருந்தது. குழாய்த் தண்ணீர் வந்தபின் கால் வீக்கம் வடிந்தது. முதல் குடம் அவருக்கே. கோடையில் தாங்கி வற்றி, கீழ் வீடுகள் வெறுங்குடத்தோடு நின்ற நாட்களிலும் அது நிறைந்தது.

மழையில்லாத வருடமொன்றில், காட்டோரத்தில் புதிதாகக் குடியேறியவர்களுக்கும் குழாய் போடச் சங்கம் முடிவெடுத்தது. அது வடிவம்மாவின் வளவுக்குள்ளால்தான் போகவேண்டும். அதன்பின் அவருடைய வீடு கடைசி வீடு அல்ல.

“நீங்க வேண்டாம் எண்டால் நான் வற்புறுத்தமாட்டன்” என்றார் தில்லைநாதன்.

“இவருக்குத் தண்ணி இல்லாமப் போனா?”

வடிவம்மா கணவரைக் காட்டினார். சுடலைமுத்துதான் பதில் சொன்னார்: “அந்தக் காட்டோரத்துப் புள்ள, சிவரூபி, அது காலப் பாத்தியா? எனக்குத் தொடங்கின மாதிரியே வீங்கிருக்கு.”

மறுநாள் வேலியை வடிவம்மாவே பிரித்துவிட்டார்.

புதுக் குழாய் திறந்த காலையில் அவருடைய பைப்பில் காற்று சீறியது. சுடலைமுத்து வறண்ட உதடுகளோடு படியில் இருந்தார். தில்லைநாதன் தாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடியில்தான் கொஞ்சம் கிடக்கிறது என்று சொல்லியனுப்பியிருந்தார். வெயில் ஏறியபோது காட்டோரத்திலிருந்து சிவரூபி கூப்பிட்டாள்.

“அக்கா! எங்கட நிறைஞ்சிட்டுது!”

வடிவம்மாவின் குடத்தில் தண்ணீர் விழுந்தது. பாதிக் குடத்தில் நின்றது. சுடலைமுத்துவுக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

மழை வந்தது, இரண்டாவது தாங்கியும் வந்தது. இப்போது குழாய் துணுக்காய்ப் பக்கத்து ஊர்களுக்கும் போகிறது. காலைத் தண்ணீர் பிந்தினால், தூரத்தில் இன்னொரு வீடு கூடியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, குடத்தை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.